எலுமிச்சம்பழ நிறம்

"…நெறம் நெறமுன்னு ஊரே சொல்லுதாக்கும். ஏனுங்க, இது நெறமில்லீங்க. ஒடம்புல ரத்தமில்லாத வெளுப்புங்க இது" என்று சொல்லிக்கொண்டே, என் அக்காவின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்திருந்தார் மாப்பிள்ளையின் அம்மா. பெண் பார்க்க வந்த இடத்தில், எங்கள் வீட்டு முன்கூடமான ஆசாரத்தின் நடுவில், இரண்டு பக்கத்து உறவும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது. அக்கா குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் நின்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கதவோரம் நின்ற எனக்கு அந்த இமையின் உள்பக்கம் நன்றாகத் தெரிந்தது. மல்லிகை இதழை மடித்து வைத்தாற்போல வெள்ளையாக இருந்தது. அழகாகத்தானே இருக்கிறது, இந்த அம்மாவுக்கு இதில் என்ன கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் சுகாதார நிலையத்தில் நர்சுப் பெண் ஒருத்தி என் இமையையும் அதே மாதிரி இழுத்துப் பார்த்தாள். "பரவால்லைம்மா, ரத்தம் இருக்குது" என்று சீட்டில் ஏதோ எழுதினாள். வீட்டுக்கு வந்து பகலில் கண்ணயர்ந்தவளுக்கு அந்தக் கார்த்திகை மாதம் அப்படியே வந்து நின்றது. நம்ம வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகும். அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய அடுப்புப் புகை மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வந்து கண்ணைக் கரிக்கும்.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். களியும் கம்பஞ்சோறும் சோளச்சோறும் தின்கிற குடும்பம். நெல்லுச்சோறு என்றால் நோன்பி, பண்டிகை நாளில்தான், அதுவும் உரலில் குத்திய செவ்வரிசி. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து எங்கள் கிணறு வழிய நின்றது. அதே சமயம் பக்கத்து ஊரில் அரிசி மிஷின் ஒன்று வந்தது. அங்கே அரைத்து வருகிற அரிசி உதிர்ந்த முல்லை அரும்பு மாதிரி இருக்கும். அதை மடியில் அள்ளிக் காட்டுவதற்கென்றே பெண்கள் வீடு வீடாகப் போவார்கள். இது ஒரு பக்கம் இருக்க, எங்கள் தாய்மாமன் ராசிபுரத்துப் பக்கமிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். எருமை கட்டி நெய் விற்கிற வீடு. வயல் உண்டு.

"அவங்க ஊட்ல மூணு வேளையும் நெல்லுச்சோறுக்கா" என்றார் மாமா என் அம்மாவிடம். "களி உருட்டுன கையி அங்க போயி என்ன பண்ணுமோ தெரியல."

கேலியாகத்தான் சொன்னார். என் அம்மா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளிடம் ஒரு சொலவடை உண்டு: சோத்து நெறம்தான் ஒடம்பு நெறம். எங்கே கேட்டாளோ, தானே கட்டினாளோ தெரியாது. மறுநாளிலிருந்து அக்காவுக்கு மட்டும் தனிச் சட்டியில் மிஷின் அரிசி வெந்தது. அதற்கு மேலே மோர், ஓரத்தில் ஊறுகாய். போகிற வீட்டுக்கு நாக்குப் பழக வேண்டுமாம். கீரை காட்டுக்காரிகள் தின்பது, களி கறுப்பு, கொள்ளு குதிரைக்கு, ஈரல் வாடை அடிக்கும் என்று ஒவ்வொன்றாக அவள் வட்டிலை விட்டுப் போயின. கடைசியாகக் காப்பி வந்தது. சாப்பிட்ட கையோடு ஒரு லோட்டா காப்பித்தண்ணீர் குடிப்பதுதான் நாகரிகம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பித்தளை லோட்டாவின் கழுத்தில் கொடி வேலைப்பாடு இருக்கும். பிறகு அது எந்த வீட்டுக்குப் போயிற்றோ, இன்றும் அதன் சூடு என் உள்ளங்கையில் இருக்கிறது. அக்கா குடித்து மிச்சம் வைக்கும் கடைசி மடக்கு எனக்கு.

வெயிலுக்கும் விடவில்லை. காட்டு வேலைக்கு இனி அவள் வேண்டாம் என்றாகிவிட்டது. மழைக்கால மங்கலில், உள்ளறையில், ஓட்டுக் கண்ணாடி வழியாக விழும் ஒரு முழ வெளிச்சத்தில் அக்கா உட்கார்ந்திருப்பாள். நாளாக நாளாக அந்த வெளிச்சம் அவளுக்குள்ளேயிருந்து வருகிறதோ என்று தோன்றும்.

ஊர் சொன்னதைக் கேளுங்கள். அடுத்த தோட்டத்து அத்தை தினமும் வந்து வாசலில் நின்று, "எலுமிச்சம்பழம் கெட்டுது போ உங்க பொண்ணுகிட்ட" என்பாள். என் அம்மாவுக்குப் பூரிப்பு தாங்காது. எனக்கோ பொறாமை. நானும் நெல்லுச்சோறு கேட்டு அழுதேன்.

"நீ சின்னவ, உனக்கு இப்ப எவன் வாரான் பாக்க? களியைத் தின்னுட்டுப் போயி வெளையாடு" என்று அம்மா ஒரு உருண்டையை என் கையில் வைத்து அனுப்பிவிடுவாள். என் அதிர்ஷ்டம் அந்த உருண்டையில் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அக்காவிடம் வேறு சில மாற்றங்களும் இருந்தன. அவற்றை நான் மட்டும் பார்த்தேன். கிணற்றுப் படியில் பத்துப் படி ஏறினால் உட்கார்ந்து விடுவாள். கழுத்தில் ஒரு நரம்பு தவளை மாதிரி துடிக்கும். நகம் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அதில் நிற்கும். நாங்கள் அதை விளையாட்டாக விட்டுப் பார்த்திருக்கிறோம். பிறகு மண். ஒரு நாள் மழை விட்ட நேரம், "புத்து மண்ணு ஒரு கட்டி கொண்டு வாடி, ஆருகிட்டயும் சொல்லாதே" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, வெல்லம் தின்கிற மாதிரி தின்றாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். நான் துப்பிவிட்டேன். அவளுக்கு மட்டும் எப்படி இனிக்கிறது என்று வெகுநேரம் யோசித்தேன். அன்றுமுதல் தினமும் என் பாவாடை மடியில் மண் போயிற்று. அதற்கு அவள் எனக்குக் கொடுத்த சம்பளம் அந்தக் கடைசி மடக்குக் காப்பி.

கார்த்திகையில்தான் ராசிபுரத்தார் வந்தார்கள். அக்கா வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா, நல்ல உயரமானவர், அக்காவின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். பிறகு இமையை இழுத்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

என் அப்பா எழுந்துவிட்டார். "பொண்ணுப் பாக்க வந்தீங்களா, மாடு பாக்க வந்தீங்களா?"

"மாடா இருந்தா நீங்களே பாத்திருப்பீங்களே" என்றார் அந்த அம்மா, குரலை ஏற்றாமல். "ஆட்டுக்கோ மாட்டுக்கோ கண்ணு வெளுத்தா அன்னிக்கே தீவனத்தை மாத்திப் போடுவீங்க. பொண்ணுக்கு வெளுத்தா பவுனு வாங்கப் போறீங்க."

மாமா இருமினார். என் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்தபடியே தன் சொலவடையை எடுத்து வீசினாள். "சோத்து நெறம்தானுங்க ஒடம்பு நெறம். நாங்க நெல்லுச்சோறு தவிர வேறொண்ணும் குடுக்கறதில்லீங்க."

"அப்ப எங்க எருமைக்கெல்லாம் நான் வைக்கோலைச் சலவை பண்ணிப் போடறனுங்க" என்றார் ராசிபுரத்து அம்மா. யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அக்காவின் கையை விடாமலே உட்கார்ந்தார்.

"எம்பட மூத்த பொண்ணும் இப்பிடித்தான் வெளுத்தா. நாங்களும் லட்சணமுன்னு திருஷ்டி கழிச்சோம். மொதப் பிரசவத்துல போயிட்டா. சிந்தறதுக்குக்கூட அவ ஒடம்புல ரத்தமில்லீங்க. சேலத்து டாக்டரம்மா இமையை இழுத்துக் காட்டுனாங்க, ஒருத்தராச்சும் பாத்திருக்கக் கூடாதான்னு கேட்டாங்க. ஒரு பொண்ணைத் தூக்கிக் குடுத்தாச்சுங்க. இன்னொருத்தி பொண்ணைக் கூட்டிட்டுப் போயித் தூக்கிக் குடுக்க என்னால ஆகாது."

 ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம். "பங்குனியில வாரேன். அதுவரைக்கும் நீங்க திங்கறதை இந்தப் புள்ளைக்கும் குடுங்க. களி குடுங்க. கீரையை மட்டும் வேவிச்சுப் போட்டுட்டு ஆச்சுன்னு இருந்தறாதீங்க, பயறு பருப்பும் வேணும், முட்டை ஈரலும் வேணும். அதுக்கு மேல எலுமிச்சம்பழம் புழியுங்க, நெல்லிக்காய் குடுங்க, அப்பத்தான் தின்னது ரத்தத்துல சேருமாமா. சோத்தோட காப்பித்தண்ணி வேண்டாம். டாக்டரம்மாகிட்ட ஒருக்கா காட்டுங்க. கண்ணு செவந்திருந்தா கூட்டிட்டுப் போறேன். இல்லாட்டி கூட்டிட்டுப் போகமாட்டேன், அவளுக்காகத்தான்."

கிளம்பிவிட்டார்கள். மாமா பின்னாலேயே ஓடினார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஈரல் ஆக்கி வெயுங்க, அப்புறம் வாரோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாமா" என்று கிணற்றடியில் கதை கட்டினார்கள். என் அம்மா கிணற்றடிக்குப் போவதையே நிறுத்தினாள். கோபம் தலைக்கேறிப்போய், முன்னைவிட அதிகமாக மிஷின் அரிசியை வடித்தாள். "எம்பொண்ணுக்கு ஆக்கிப்போட எனக்குத் தெரியாதாக்கும்" என்று அடுப்போடு பேசினாள். அக்கா அந்த வெள்ளைச் சோற்றின் முன் தூங்கித் தூங்கி விழுவாள்.

எங்கள் வீட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் குதிர் இருந்தது, ராகி கொட்டி வைப்பது. அந்த மாதிரிக் குதிர்களை இப்போது எந்த வீட்டிலும் காணோம். மார்கழிப் பிறப்புக்கு வீடு மெழுகும்போது அம்மா அதற்கும் சுவருக்கும் நடுச் சந்தில் நுழைந்து கை விட்டாள். சுவரைப் பார்த்த பக்கம், குதிரின் மண் பூச்சு ஒரு வட்டில் அளவுக்குக் குழிந்திருந்தது. குழி முழுக்க நகத் தடம். இன்னும் கொஞ்சம் போனால் ராகி கொட்டியிருக்கும்.

நான் அடியை எதிர்பார்த்து மூலையில் ஒண்டினேன். புற்று மண் கொண்டுபோனதையெல்லாம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. அந்தக் குழிக்குள் தன் ஐந்து விரலையும் வைத்து, ஒவ்வொரு தடத்திலும் பொருத்திப் பொருத்திப் பார்த்தாள். மெழுகுகிற துணியிலிருந்து சாணித்தண்ணீர் அவள் முழங்கை வழியாக வடிந்துகொண்டிருந்தது.

"ராகிக்கு வெளிய நின்னு மண்ணைத் தின்னுருக்குதே எம்புள்ள" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் விடியலில் திருகை சுற்றும் சத்தத்தில்தான் விழித்தேன். அந்தச் சத்தம் பாதித் தூக்கத்தில் தூரத்து மேகம் உருளுகிற மாதிரி இருக்கும். எழுந்து போய்ப் பார்த்தால் அம்மா ராகி அரைத்துக்கொண்டிருந்தாள். முகம், புருவம் எல்லாம் மாவு.

அன்று தொடங்கியது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கையெல்லாம் கலைத்து அக்காவுக்கு இரண்டையும் கொடுத்தார்கள். காலையில் கம்மங்கூழ். மத்தியானம் களி, முருங்கைக்கீரையோ பண்ணைக்கீரையோ தட்டைப்பயறு போட்டுக் கடைந்தது, மேலே அரை மூடி எலுமிச்சை. சாயங்காலம் வெல்லம் இடித்த எள்ளுருண்டை. எங்கள் கோழி இட்ட முட்டை ஒன்றுகூட சந்தைக்குப் போகவில்லை. ஆடு அறுக்கிற அன்று அப்பா ஈரலையும், சுவரொட்டி என்கிற மண்ணீரலையும் தேக்கிலையில் வாங்கி வருவார். நெல்லுச்சோறு அடியோடு போய்விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள், உரலில் குத்திய சிவப்பரிசியாக வந்தது. காப்பி லோட்டா பரணுக்குப் போயிற்று. எனக்கு அதில் துக்கம்தான்.

சேலத்துக்கும் அப்பா அக்காவை பஸ்ஸில் கூட்டிப்போனார். டாக்டரம்மா வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து, செருப்பில்லாமல் காட்டுக்குள் போகாதே என்று சொல்லி, ஒரு சீசாவில் கறுப்பு மருந்தும் கொடுத்தனுப்பினாராம். "மத்ததெல்லாம் உங்க அடுப்படியில இருக்குது" என்றாராம். சீசா தீர்ந்த பிறகும் அக்கா அதில் வெகுநாள் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தாள்.

சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். முதல் நாள் ஈரலை அக்கா வாந்தி எடுத்தாள். களி தொண்டையில் நிற்கிறது என்று அழுதாள். ஒரு மாதம் போயும் கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. அம்மா தினமும் காலை வெளிச்சத்தில் அக்காவை வாசலுக்கு இழுத்துப்போய் இமையைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். அப்பாதான் சொன்னார்: "கெணறு ஊறுறாப்பலதான் புள்ள. கல்லைக் கொத்திப் போட்டுட்டு மறுநாளே தண்ணியில்லையேன்னா எப்பிடி?"

தையில் ஊறத் தொடங்கியது. முதலில் உதடு. அப்புறம் காதுமடல். ஒரு நாள் கிணற்றுப் படியில் என்னைத் துரத்திக்கொண்டு மேலே ஓடிவந்தவள், நடுவில் உட்காராமல் வந்துவிட்டதை அவளே பிறகுதான் உணர்ந்து, திரும்பிப் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மண்ணைக் கேட்பதையும் விட்டுவிட்டாள். விட்டதே அவளுக்குத் தெரியவில்லை. வெயில் பட்டு, பனங்கருப்பட்டி மாதிரி மினுமினுவென்று ஆனாள்.

அடுத்த தோட்டத்து அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "ஐயோ பாவம், எலுமிச்சம்பழமா இருந்த புள்ள, அடுப்புக்கரி ஆயிட்டாளே. பங்குனியில வந்து பாத்தா ஓடிப்போயிருவாங்க" என்றாள். அன்றைக்கு அம்மாவின் கை அரிசிப் பானை வரைக்கும் போய் நின்றதைப் பார்த்தேன். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன், பார்த்தும் பார்க்காதவளாக. களி கிண்டும்போது அம்மா நடுவில் துடுப்பை விட்டுவிட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொள்வாள். "கண்ணு கொஞ்சம் இருட்டுது, நீ கிண்டு சாமி" என்பாள். கால் வீங்கி மெட்டி தசைக்குள் புதைந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் போட்டு, எங்களுக்குப் போட்டு, வந்தவர்க்குப் போட்டு, அப்புறம்தான் அம்மா. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே. அவள் சாப்பிடும்போது நாங்கள் யாரும் அடுப்படியில் இருக்கமாட்டோம்.

பங்குனியில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், ராசிபுரத்து அம்மா மாமாவோடு மட்டும் வந்து இறங்கினார். பஸ்ஸை விட்டு இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்திருந்தார். அக்கா மடி நிறையக் கீரையோடு காட்டிலிருந்து அப்போதுதான் வந்தாள். அவரைப் பார்த்ததும் கீரையைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள்.

"ஓடு, ஓடு. ஓடறதைப் பாக்கத்தான் வந்தேன்" என்றார் அந்த அம்மா. பிறகு கூப்பிட்டு, வெளிச்சத்தில் நிறுத்தி, இமையை இழுத்தார். வெகுநேரம் பார்த்தார். பனை நுங்குத் தண்ணீரில் குங்குமம் கரைத்தாற்போல இருந்தது உள்பக்கம்.

"செவந்திருக்குதுங்க" என்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா தானே ஆக்கிப்போட்ட மாதிரி மீசையைத் தடவினார்.

அம்மா மோர்ச் செம்போடு வந்தாள். செம்பு மேல் வைத்த மூடி நடுங்கி டகடகவென்று சத்தம் போட்டது. ராசிபுரத்து அம்மா செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, உங்க கண்ணைக் கொஞ்சம் காட்டுங்க."

"எனக்கென்னுங்க. நான் கெழவி."

"உங்களுக்கு முப்பத்தஞ்சு இருக்குமா? நீங்க கெழவின்னா, நான் சுடுகாட்டுலிருந்துதான் எந்திரிச்சு வந்திருக்கறேன்." சொல்லிக்கொண்டே அம்மாவின் இமையை இழுத்துவிட்டார். மல்லிகை.

"இந்த நாலு மாசமா நீங்க என்ன தின்னீங்க?"

அம்மா செம்பை மறுபடி எடுக்கக் குனிந்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை எனக்கும் தெரியாது. கேட்டதும் தெரிந்துவிட்டது. என் வாய் தானாகச் சொல்லிற்று: "அம்மா சட்டியில ஒட்டுன காந்தலைச் சுரண்டித் தண்ணி ஊத்திக் குடிக்கும். முட்டை ஈரலெல்லாம் அக்காவுக்கும் அப்பாவுக்கும்தான்."

"சின்னவளுக்கு வாயைப் பாரு" என்று அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். கை பாதியிலேயே கீழே விழுந்தது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சு முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் உறவு முடிந்தது என்று அர்த்தம். இன்னும் பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது. சீர் பேசவில்லை, நாள் குறிக்கவில்லை, மாப்பிள்ளையின் அப்பாகூட வரவில்லை. மாமா பதறிப்போய், "ஏனுங்க, பொறுங்க, முறைப்படி…" என்று ஏதோ சொல்ல வந்தார்.

ராசிபுரத்து அம்மா அதற்குள் எங்கள் அடுப்படிக்குள் போயிருந்தார். என் அம்மாவைத் தோளைப் பிடித்து அடுப்புக்கு எதிரே உட்காரவைத்தார். அப்பாவுக்கென்று எடுத்து வைத்திருந்த வட்டிலை இழுத்து, சட்டியிலிருந்த களியை எடுத்துப் போட்டு, கீரைக் கடைசலை ஊற்றி, எலுமிச்சம்பழத்தை அதன் மேல் சாறு வற்றப் பிழிந்தார். பிறகு தானும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உருண்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை என் அம்மாவின் வாயில் ஊட்டிவிட்டு, மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.